சனிக்கிழமை வடையைக் கண்டுபிடித்த குமுதவல்லி அம்மையாருக்கு

திருமலை அடிவாரத்து மடப்பள்ளிக் குடும்பம் தந்த திண்மையே! கூண்டுக் குரங்கின் கொட்டாவியையும் குறிப்பேட்டில் குறித்துவைத்த கூர்மதியே! இன்று பணி ஓய்வு பெறும் கால்நடை மருத்துவர் குமுதவல்லி அம்மையீர்! வணக்கம்.

தாராளமயம் வந்து, வெளிநாட்டு மருந்து நிறுவனங்கள் நம் சித்தூர் மாந்தோப்புகளுக்கு நடுவிலும் ஆய்வகம் தேடிய காலத்தில், அவற்றின் விலங்குக் கூடங்களை மதிப்பிட்டுத் தகுதிச் சான்று வழங்கும் பொறுப்பு தங்களிடம் வந்தது. எங்கு சென்றாலும் எடுத்த எடுப்பில் கோப்புகளைத் தொடமாட்டீர்கள். முக்காலி ஒன்றைக் கேட்டு வாங்கிக் கூண்டின் முன் ஒரு மணி நேரம் வாய் திறவாது அமர்வீர்கள். முதலாளிமாருக்கு வியர்க்கும்; எங்களுக்குப் பசிக்கும்.

அமெரிக்காவிலிருந்து தங்கள் மகன் வேங்கடேஷ் அழைத்தபோதும், "கொரங்கு சாப்பிட்டுண்டிருக்குடா, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டீர்கள். நாங்கள் ஒட்டுக்கேட்கவில்லை, கதவு திறந்திருந்தது.

ஆயினும் அம்மையீர், தங்கள் பெருமையெல்லாம் 2003ஆம் ஆண்டின் அந்த ஒரு சோதனையில் அடங்கும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைக் குரங்குகளிடம் சோதிக்க, சித்தூர்ச் சாலையில் ஒரு தனியார் ஆய்வகம் தங்கள் கையெழுத்துக்குக் காத்திருந்தது. தரை பளபளத்தது, பதிவேடு பளபளத்தது. தாங்களோ, ஞாயிறு தவறாமல் எல்லாக் குரங்குகளும் தீனியை மிச்சம் வைப்பதை அப்பதிவேட்டில் கண்டீர்கள். "ஞாயித்துக்கெழமைன்னா சோம்பல் மேடம்" என்றார் இயக்குநர் நாகபூஷணம். தாங்கள் சிரிக்கவில்லை, அடுத்த சனிக்கிழமை மாலை சொல்லாமல் போய் நின்றீர்கள்.

கூண்டுகளைப் பராமரிக்கும் செல்லியம்மா, அனுமார் கோயில் வடையைப் பிட்டுப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தார். பிடிபட்டவர் பயப்படவா செய்தார்?

"இன்னாம்மா நீ! மடப்பள்ளி வூட்டுப் பொண்ணு, அனுமாரு துன்னுக்கினு இருக்கற வடையத் தடுக்கிறியே, நியாயமா?"

"வடை தப்பில்லை செல்லியம்மா. இதுகள் ரத்தத்தைப் பாத்துத்தான் நாளைக்கு மனுஷாளுக்கு ஊசி போடப்போறா. இது என்ன தின்னதுன்னே நேக்குத் தெரியலேன்னா, அந்த ரத்தத்தை எப்படி நம்பறது?"

"அடக் கடவுளே! இத்த எனுக்கு யாருமே சொல்லலியே!"

அச்சொல்லே தங்களைத் தைத்தது. நாகபூஷணமோ மறுநாளே வந்து, "அந்தம்மாவ வேலையவுட்டு எடுத்துட்டேன், சைன் பண்ணிடுங்க" என்றார். அவ்வேலை போனால் தமிழக எல்லையோரம் செல்லியம்மாவின் கிராமத்தில் ஓர் அடுப்பு அணையும். கையெழுத்துத் தாமதித்தால் சோதனையே வேறு நாட்டுக்குப் போகும். மேலிடத்துத் தொலைபேசி மூன்று முறை அலறியது. எண்ணியவர்கள் நாங்களே.

"குத்தம் சொல்லிக்குடுக்காதவா பேர்ல. செல்லியம்மா திரும்பி வராம என் கையெழுத்தும் வராது" என்றீர்கள்.

செல்லியம்மா திரும்பினார். விதிகள் தமிழிலும் தெலுங்கிலும் சுவரேறின. ஏன் என்ற காரணம் ஊழியர் ஒவ்வொருவருக்கும் வாய்வழி விளக்கப்பட்டது. ஆறு மாதம் கழித்து மறுமதிப்பீட்டுக்குச் சென்றோம். வெளிநாட்டு விருந்தினர் வியக்கவேண்டி, நாகபூஷணமே ஒரு வாழைப்பழத்தோடு கூண்டை நெருங்கினார். குறுக்கே நின்றார் செல்லியம்மா: "நைனா, பழத்த வெளிய வெச்சிட்டு வா. கணக்குல இல்லாதது உள்ள வராது." தாங்கள் அன்று முக்காலி கேட்கவில்லை. பேனா கேட்டீர்கள்.

சோதனை நடந்தது. இரண்டாண்டில் முடிவும் வந்தது: மருந்து தேறவில்லை. இத்தனை பாடும் வீணென்று இப்பிரிவில் சிலர் பேசினார்கள். யாரென்று கேட்காதீர்கள், அவர்களும் இம்மடலில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். ஆனால் அம்மையீர், அந்த 'இல்லை'யில் ஐயமில்லை. வடையைப் பழிக்க வழியில்லை. ஊழியரைப் பழிக்க வழியில்லை. பயனற்ற அம்மருந்து ஒரு மனித உடம்பிலும் ஏறவில்லை. எவர் பெயரென்று நாம் அறியாத, எவர் முகமென்று நாம் காணாத அம்மனிதர்கள் அனைவரின் சார்பிலும் இன்று எழுந்து நின்று கைதட்டுகிறோம்.

நோயறியா உடலும், நொடியறியா நெஞ்சும் பெற்று, நூறாண்டும் அதற்கு மேலும் நிமிர்ந்து வாழ்வீராக!

தங்கள் இருக்கைக்கு யார் வருவார் என்று இப்போதே பேசத் தொடங்கிவிட்ட, எனினும் அதில் அமரத் தயங்கும்,

விலங்கு ஆய்வுக்கூட மதிப்பீட்டுப் பிரிவு ஊழியர்கள்,
திருப்பதி.