ஒட்டுக் கட்டிய கை

தக்காளிக்கு வேர் பலம் போதாது, ஐயா. நீர் தேங்கினால் அழுகிவிடும். அதனால் நாற்றுப் பண்ணைகளில் சுண்டைக்காய்ச் செடியின் வேர்மேல் தக்காளித் தண்டை ஒட்டுக் கட்டுவோம். ஒரே குடும்பத்துச் செடிகள் என்பதால் வம்பு பண்ணாமல் சேர்ந்துகொள்ளும். மாவை வேம்பில் கட்டினால் சேருமா? சில நாள் பச்சையாக நின்று ஆசை காட்டும், பிறகு கருகிப்போகும்.

பண்ணை எங்கள் அப்பாவுடையது. அவர் போன பிறகு நானும் தம்பியும்தான் நடத்தினோம். அவனை ஆளாக்குவதற்காக அக்காக்காரி நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அடிக்கடி சொல்லிக்காட்டியதில்லை.

பிறகு ஒருத்தியைக் கட்டிக்கொண்டு வந்தான். பல் ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் உட்கார்ந்து சிரிக்கிற வேலை அவளுக்கு. வீட்டிலும் அதே சிரிப்புதான். "அண்ணி, நீங்க உக்காருங்க, நான் பாத்திரம் கழுவுறேன்" என்பாள். அவள் கழுவியதை நான் மறுபடி கழுவுவேன். "ஏன்க்கா இப்படிப் பண்றே?" என்று தம்பி கேட்டான். அவன் என்னைக் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை.

இந்த ஒட்டு நிலைக்காது என்று காத்திருந்தேன். சில ஒட்டுகள் நன்றாக வளர்ந்து, ஒரு காற்றுக்குக் கட்டிய இடத்திலேயே முறியும். இது முறிகிற வழியாக இல்லை. ஒருநாள் சாப்பிடும்போது சொன்னான்.

"அக்கா, இவளுக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. நாலு மாசம் கழிச்சு நாங்க அங்கயே போயிடலாம்னு இருக்கோம். நீ ஆள் வச்சுப் பண்ணையப் பாத்துக்க."

"நல்லா இருங்கப்பா" என்றேன். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பது பொய்யா?

வேலியோரம் ஊமத்தை முளைத்துக் கிடக்கும். அதுவும் தக்காளியின் குடும்பம்தான், கட்டினால் அருமையாகச் சேரும். ஆனால் வேரிலிருக்கும் விஷம் மேலேறிப் பழத்தில் உட்கார்ந்துகொள்ளும். பழம் என்னவோ சிவப்பாக, லட்சணமாக இருக்கும். நான் கட்டினேன். ஒட்டிய இடம் தெரியாதபடி தொட்டியில் மேல்மண்ணைக் குவித்தேன்.

தக்காளியைச் சமைக்காமல் பச்சையாகத் தின்பதென்றால் அவளுக்கு உயிர். தம்பி அதைத் தொடவே மாட்டான். ஆனால் நான் கட்டியது என்றால் அவள் தின்பாளா? அவளும் முட்டாளில்லை. "உன் புருஷன் உனக்காகக் கட்டினதும்மா. கூச்சப்படுவான், கேட்டுடாதே" என்று சொல்லித் தொட்டியைக் கொடுத்தேன். பூரித்துப்போய், அதை மாடியில் அவர்கள் அறைக்கு வெளியே வைத்துக்கொண்டாள்.

பழுத்த அன்று தட்டோடு கீழே இறங்கி வந்தாள்.

"ஒட்டுக் கட்டினவங்கதான் மொதப் பழத்தைத் தின்னு பாக்கணுமாமே அண்ணி? இவர்தான் சொல்லியிருக்கார். அதான் பழுத்ததெல்லாம் நறுக்கி அவருக்கே ஊட்டிட்டேன். நான் எப்போ கட்டினேன்னு ஒரே கேள்வி! ஆனா எனக்காக மொகம் சுளிக்காமத் தின்னுட்டார். உங்களுக்கு ஒரு துண்டு வச்சிருக்கேன்."

பண்ணை விஷயம் எதையும் காதில் வாங்காதவள், எங்கள் அப்பா வைத்த அந்த ஒரு வழக்கத்தை மட்டும் பிடித்து வைத்திருந்தாள். "பல் கூசுதும்மா" என்றேன்.

சற்று நேரத்தில் அவன் உளற ஆரம்பித்தான். கண் தெரியவில்லை என்றான், சுவரோடு பேசினான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். "தக்காளிதான் டாக்டர், வீட்டுத் தக்காளி" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தக்காளி ஒரு ஆளை இப்படிப் பண்ண முடியாதே என்று அவர் என்னைப் பார்த்தார்.

ஊமத்தை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாற்று மருந்து கொடுத்துப் பிழைக்க வைத்திருப்பார்கள் என்கிறீர்கள். எனக்கும் அது அப்போதே தெரியும். ஆனால் அவன் பிழைத்து எழுந்து, கட்டியது யார் என்று தெரிந்துகொண்டால்? அவளோடு போய்விடுவான். அதற்குப் பிறகு என் முகத்தில் விழிப்பானா?

என் கையைப் பிடித்துக்கொண்டே போனான், ஐயா. கடைசி மூச்சு வரை அக்கா நல்லவள் என்றுதான் நம்பினான். அந்த நம்பிக்கை கெடாமல் பார்த்துக்கொண்டேன். அவனுக்காக அதையும் செய்தேன்.