ஒவ்வொரு நாளும் அரைப் போத்தல்

வெள்ளவத்தையில் பஸ் ஏறி என் முன் இருக்கையில் அமர்ந்தவர்கள் இருவர். கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடப்பவரின் மனைவியும் தங்கையும்.

"அண்ணா குடிக்கிறதில்லை எண்டு டொக்டரிட்ட சொல்லிப்போட்டன், மச்சாள். பிள்ளைக்குக் கலியாணம் பேசுறியள் எல்லே."

"போன முறை குடியை நிப்பாட்டி மூண்டாம் நாள் வலிப்பு வந்தது. அதையும் மறைச்சனியோ?"

தங்கை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"குடிக்காமல் இண்டைக்கு ரெண்டாம் நாள். ஒவ்வொரு நாளும் அரைப் போத்தல் எண்டு நானே சொல்லப்போறன்."

"வெக்கமில்லையோ?"

"செக்பொயின்டில ஆமிக்குப் பாவாடை வரைக்கும் உதறிக் காட்டுறம். டொக்டரிட்ட என்னடி வெக்கம்?"

டொக்டர்களிடம் 'இடைக்கிடைதான் குடிப்பன்' என்றே சொல்லிவரும் நான் பத்திரிகையை உயர்த்திப் பிடித்தேன். ஆஸ்பத்திரிக்கு இன்னும் இரண்டு தரிப்பு இருந்தது. மனைவி அதற்குள் எழும்பி மணியை அடித்துவிட்டாள்.