பதினாறு நீலப் பெல்ட்

– தோள்பட்டை கழண்டு தனியா தொங்குற மாதிரி இருக்கு அக்கா. அந்த ஸ்டூலை இப்படித் தள்ளுங்க. நின்னுக்கிட்டுப் பேச முடியாது.

– உட்காருங்க மேஸ்திரி. பெயின்ட் டப்பாவை நகத்திட்டு உட்காருங்க. ஆஸ்பத்திரியிலேர்ந்தா வரீங்க?

– அங்கேர்ந்துதான், வழியில ஒரு ஆபீஸுக்கும் போயிட்டு வரேன். நேத்து அவனைத் தோள்ல போட்டுக்கிட்டு அஞ்சு மாடி இறங்கினேன். கட்டடத்துல லிப்ட் இன்னும் வைக்கலை. ஏழாவது மாடிச் சாரத்துலேர்ந்து வழுக்கி அஞ்சாவது மாடி பால்கனியில விழுந்தான். அது ஒண்ணு நீட்டிக்கிட்டு இருந்ததால உசிரு இருக்கு.

– ஒல்லியன்தானே? அன்னிக்குப் பெல்ட் வாங்க வந்து, இடுப்பே இல்லாதவனுக்கு எதுக்கு பெல்ட்டுன்னு சிரிச்சுக்கிட்டு நின்னான். இப்ப எப்படி இருக்கான்?

– கண்ணு முழிச்சான். அதை அப்புறம் சொல்றேன். முதல்ல இதைப் பாருங்க.

– மேஜை மேல போடாதீங்க, ரத்தம்…

– காஞ்சு போச்சு. அவன் இடுப்புல இருந்தது. சாரத்துல கட்டிக்கற உங்க கடை நீலப் பெல்ட்.

– என் கடைதுதான். இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

– கொக்கியைப் பாருங்க. ரெண்டா நிக்குது.

– உடைஞ்ச இடம் என்ன இப்படி மாவு மாதிரி இருக்கு?

– நல்ல கொக்கின்னா வளையும், இழுபடும், ஆளுக்குக் கொஞ்சம் நேரமாவது குடுக்கும். இது பிஸ்கட் மாதிரி ஒடைஞ்சிருக்கு. எதையோ உருக்கி அச்சுல ஊத்தி மேல பளபளன்னு பூசியிருக்கான்.

– நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது. அரை கிலோ ஆணி கேட்டாக்கூட ரெண்டு ஆணி கூடப் போட்டுக் குடுக்கறவ நான். இதுல பாதுகாப்பு முத்திரை இருந்துச்சு. நம்பர் போட்ட துணிப்பட்டி தச்சிருந்துச்சு. வேற எதைப் பார்த்து நான் வாங்கறது?

– அந்த நம்பரைப் படிங்க.

– கண்ணாடி எங்கே வச்சேன்… நாலு, ஏழு, ஏழு, ஒண்ணு, மூணு.

– இது என்னோட பெல்ட். நானும் இங்கே வாங்கினதுதான். இதைப் படிங்க.

– நாலு, ஏழு, ஏழு… ஒண்ணு, மூணு.

– ஒரு பெல்ட்டுக்கு ஒரு நம்பர்தான் அக்கா. நேத்து சாயங்காலம் ஆளுங்களை வரிசையா நிக்க வச்சு ஒவ்வொருத்தன் முதுகுலயும் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். அத்தனையும் இதே நம்பர்.

– கடவுளே. இத்தனை நாள்ல ஒருத்தன்கூடவா பார்க்கலை?

– அவனவன் இடுப்பை அவனவன் இறுக்குவான். அடுத்தவன் முதுகுல என்ன நம்பர்னு எவன் பார்க்கப் போறான்? நாங்க வாங்கின பதினாறும் ஒண்ணா கிடந்த இடம் உங்க கடை மட்டும்தான்.

– ஒருத்தன் வந்தா ஒண்ணு எடுத்துக் குடுப்பேன். அடுத்தவன் வந்தா அடுத்தது. ரெண்டைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கவே இல்லை மேஸ்திரி. சரி, இப்ப எல்லாரும் கழட்டிட்டாங்க இல்ல?

– இல்லை.

– இல்லைன்னா?

– நானும் ஒல்லியனும் போக மிச்சம் பதினாலு பேரும் மேலதான் நிக்கறாங்க. இந்தப் பெல்ட்டோடதான்.

– என்ன மனுஷன்யா நீங்க! இங்கே வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்துக்கிட்டு!

– கத்தாதீங்க. காண்டிராக்டர் கால்ல விழாத குறை. ஒரு கொக்கி ஒடைஞ்சா எல்லாக் கொக்கியும் கெட்டதாங்கறான். ஒல்லியன் கொக்கி மாட்டினது சரியில்லைங்கறான். ஆபீஸ்லேர்ந்து எழுத்து வந்தா நிறுத்தறேன், இல்லைன்னா இறங்கறவன் இறங்கட்டும், நாளைக்கு வேற ஆள் ஏறுவான்னு சொல்லிட்டான். எவன் இறங்குவான் சொல்லுங்க? வீட்டுல அடுப்பு எரியணும்.

– எந்த ஆபீஸ்?

– தெருக்கோடியில, போலிச் சாமானுக்குப் புகார் வாங்கறாங்களே, அங்கே. அதிகாரியம்மா நாலு மணி வரைக்கும் இருப்பாங்க. புகார் கைக்கு வந்தா இன்னிக்கே கட்டடத்துக்கு வந்து எல்லாரையும் இறக்கறேன்னாங்க.

– அப்ப குடுக்க வேண்டியதுதானே!

– குடுத்தேன். பில் எங்கேன்னாங்க.

– ஆங்…

– நீங்க பில் போடலை.

– உங்க ஆளுங்க யாரும் கேக்கலை.

– கேக்கலைதான். எங்களுக்கு எவன் பில் குடுத்தான், கேட்டுப் பழக. இப்ப என்னன்னா, வாங்கினதுக்கு ஆதாரம் இல்லாட்டி, வித்தவங்க ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடணுமாம். அதான் ஃபாரத்தை வாங்கிட்டு வந்தேன்.

– நான் போலி வித்தேன்னு நானே எழுதிக் குடுக்கணும்.

– ஆமாம்.

– கடைக்கு சீல் வைப்பாங்க.

– வைக்கலாம்.

– எவ்வளவு லேசா சொல்றீங்க, வைக்கலாம்னு! வீட்டுக்காரர் போனப்புறம் தினமும் இந்த ஷட்டரைத் தூக்கறது நான் ஒருத்திதான். தோள் உங்களுக்கு மட்டும் வலிக்குதுன்னு நினைக்காதீங்க. எதிர்க்கடைக்காரர் வேற இருக்கார். ஒரு போல்ட் தொலைஞ்சாலும் என் வாசல்ல வந்து தேடறவர். தெருவுக்குள்ள அதிகாரியை இழுத்துட்டு வந்தவன்னு என்னைக் காலத்துக்கும் சொல்வார்.

– அவரும் இதே நீலப் பெல்ட் வாங்கி வச்சிருக்காரா?

– பெட்டி வந்து இறங்கினதை என் கண்ணால பார்த்தேன்.

– அப்ப அவரையும் சேர்த்துத்தான் காப்பாத்தறீங்க.

– அதை அவர்கிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க, மாலை போடுவார். மேஸ்திரி, ஒல்லியனைப் பத்தி அப்புறம் சொல்றேன்னீங்க.

– சொல்றேன்னேன்.

– சொல்லுங்க.

– இன்னிக்குக் காலைல முட்டிக்குக் கீழே எடுத்துட்டாங்க. இடது கால்.

– ஐயோ! அவன்கிட்ட சொல்லிட்டீங்களா?

– அவனுக்கு இன்னும் தெரியாது. போர்த்தி வச்சிருக்காங்க. தண்ணி கேட்டான், பஞ்சுல நனைச்சு உதட்டுல வச்சேன். அப்புறம், என் செருப்பு ரெண்டையும் யாராவது எடுத்து வச்சாங்களா அண்ணே, புதுசுன்னான். எடுத்து வச்சிருக்கேன்னு சொன்னேன்.

– பேனாவைக் குடுங்க.

– அக்கா, நல்லா யோசிச்சு…

– யோசிச்சா எழுத மாட்டேன். குடுங்க. பொருள்: உயரத்துல வேலை செய்யறவங்க போடற பெல்ட். வித்தது பதினாறு. கையில மிச்சம் நாலு. அது அந்தப் பலகை மேல இருக்கு, எடுத்துக் கீழே வைங்க, யாராவது வந்து கேட்டுத் தொலைக்கப் போறாங்க.

– வச்சிட்டேன். மணி மூணேகால்.

– யாரிடம் வாங்கினீர்கள். வெள்ளை வேன்காரன். பேரு தெரியாது. வாய் நிறைய சிரிப்பு, வண்டி நிறைய சாமான். போன் போட்டா இப்ப எடுக்கறதில்லை. பில் உண்டா. இல்லை. பில் இல்லாமத்தான் வாங்கினேன். விலை குறைச்சலா இருந்துச்சு, வாங்கினேன். இதையும் எழுதிட்டேன். பார்த்துக்கோங்க, அடிச்சுத் திருத்தலை.

– கையெழுத்துப் போடுங்க, நான் ஓடறேன்.

– இன்னும் ஒரு கேள்வி இருக்கு. விற்றவர் உங்களுக்கு அறிமுகமானது எப்படி.

– தானா வந்தான்னு எழுதுங்க.

– தானாத்தான் வந்தான். ஆனா ஒண்ணு பாருங்க. எட்டு பெல்ட் போதும்னேன். இல்லைம்மா, இருபது வைங்க, அந்தப் பெரிய கட்டடத்துல பதினாறு பேர் வெளிச்சாரத்துல நிக்கறாங்க, ஒரு வாரத்துல வந்து வாங்கிடுவாங்கன்னான்.

– வியாபாரிங்க அப்படித்தான் அளந்து விடுவாங்க.

– அவன் அளந்து விடலையே. அதே வாரம் பதினாறு பேரும் வந்தாங்க. விலைகூடக் கேக்கலை. வேற கடைப் படி ஏறலை. வந்து நின்னு, நீலப் பெல்ட்டுன்னான் ஒவ்வொருத்தனும்.

– அக்கா, மணியாகுது.

– சாரத்துல எத்தனை பேர் ஏறுவாங்கன்னு எனக்கே தெரியாது. வேன்ல வந்தவனுக்கு எப்படித் தெரியும்? நான் ஒண்ணு கேக்கறேன் மேஸ்திரி…

– கேக்க வேண்டாம். எழுதுங்க.

– என்னன்னு எழுத?

– மேஸ்திரி அனுப்பினான்னு எழுதுங்க. வேன்காரனுக்கு உங்க கடையைக் காட்டினது நான். ஆளுங்களுக்குக் காட்டினதும் நான். ஒரு பெல்ட்டுக்கு இவ்வளவுன்னு பேசிக் கை நீட்டி வாங்கினேன்.

– தெரிஞ்சேவா?

– மலிவுன்னு தெரியும். போலின்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா நானே அதைக் கட்டிக்கிட்டு மேல ஏறுவேனா? ஆனா தெரிஞ்சுக்கணும்னு நினைக்கவும் இல்லை. கொக்கியில ஸ்பேனரால ஒரு தட்டுத் தட்டியிருந்தா சத்தமே சொல்லியிருக்கும். தட்டலை.

– இவ்வளவு நேரம் என்னைக் குற்றவாளியா நிக்க வச்சுக் கேட்டீங்களே.

– கேட்டேன். ஃபாரத்துல அந்தக் கடைசிக் கேள்வி இல்லாட்டி, உங்க கையெழுத்தை மட்டும் வாங்கிட்டு வாயை மூடிக்கிட்டுப் போயிருப்பேன்.

– இதை ஆபீஸ்ல குடுத்தா நாளைக்கு உங்களை எவனும் வேலைக்கு வைக்க மாட்டான்.

– வைக்க மாட்டான். நீங்க உங்க பேருக்குக் கீழே கொஞ்சம் இடம் விடுங்க, நானும் போடறேன்.

– நீங்க கை நீட்டி வாங்கினது ஒல்லியனுக்குத் தெரியுமா?

– என் கையைப் பிடிச்சுக்கிட்டு, நீங்க இல்லேன்னா செத்திருப்பேன் அண்ணேன்னான்.

– இந்தாங்க. நீங்க சொன்னதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். ஓடுங்க, பதினாலு பேரையும் இறக்குங்க.

– அவங்க இறங்கிடுவாங்க அக்கா. ஒல்லியனுக்கு ஒரு காலு பாக்கி, அது நான் தர வேண்டியது.