கொதிக்க வைக்காத பைகள்

வலையில் விழுந்த கருஞ்சிட்டை எடுப்பது, சிக்கு விழுந்த தலைமுடியைப் பிரிப்பது மாதிரி. அவசரப்பட்டால் காரியம் கெட்டுவிடும். எனக்கு அந்தப் பொறுமை கடைசிவரை வரவில்லை. மாரிசெல்விக்கு முதல் நாளே வந்துவிட்டது. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள் மேடம், நான் மெதுவாகவே சொல்கிறேன்.

என் பெயர் தேவசுந்தரம். கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். பாடும் பறவைகளின் உடம்பில் ஒட்டி வாழும் உண்ணிகளைப் பற்றி இருபத்திரண்டு வருஷமாக ஆராய்ச்சி செய்கிறேன். இதைச் சொன்னதும் உங்கள் ஏட்டு சிரித்தார். பரவாயில்லை. என் மச்சினன்மாரும் கல்யாண வீடுகளில், “அத்தான் குருவிக்குப் பேன் பாக்கப் போயிருக்காவ” என்று சொல்லிச் சிரிப்பவர்கள்தான்.

குருவிகுளம் பக்கம், குளத்துக் கரையின் உடைமரங்களுக்கு நடுவே விடியும்போது வலை கட்டுவோம். மாரிசெல்வி அந்தப் பக்கத்துப் பெண். அவள் கணவர் காசி சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறார். அவர் கொண்டுவரும் துண்டுத்துணியில் அவளே பைகள் தைப்பாள். ஒரு பறவைக்கு ஒரு பை. பையோடு எடை பார்த்து, காலில் வளையம் மாட்டி, காதோரம் ஒட்டியிருக்கும் உண்ணிக் குஞ்சுகளை எடுத்துக்கொண்டு பறக்க விட்டுவிடுவோம். உண்ணிக் குஞ்சு என்றால் குங்குமத் தூள் அளவுதான். பையின் தையலுக்குள் புகுந்துகொண்டால் கண்ணுக்குத் தெரியாது. அதனால் பயன்படுத்திய பைகளை மூடி போட்ட வாளியில் போட்டு, கொதிக்கும் தண்ணீரில் அலசிக் காயவைத்த பிறகே மறுபடி எடுக்க வேண்டும். அந்த விதியைப் போட்டவன் நான். அலசுகிற வேலையையும் நானே வைத்துக்கொண்டேன். சுத்தமான பைகளை மாரிசெல்வி இடுப்பில் சொருகிக்கொள்வாள். வலையில் வேலை செய்ய இரண்டு கையும் வேண்டுமே.

என் ஆராய்ச்சியின் முடிவு எளிமையானது. உண்ணிக் காய்ச்சலை எலியின் உண்ணிதான் பரப்புகிறது என்கிறார்கள். பறவையின் உண்ணியும் பரப்பும் என்கிறேன் நான். கட்டுரையை வெளிநாட்டுப் பத்திரிகைக்கு இரண்டு முறை அனுப்பினேன். இரண்டு முறையும் திரும்பி வந்தது. பறவையின் உண்ணி கடித்து ஒரு மனிதருக்காவது நோய் வந்ததற்குச் சான்று எங்கே என்று கேட்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது, அதை மறைக்கவில்லை. ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம்தான் இருந்தது.

அக்டோபர் மழைக்குப் பிறகு மாரிசெல்விக்குக் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன்.

“இடுப்புல ஒரு கருப்புப் பக்கு சார். வலியே இல்ல. கோயில் புத்துமண்ணு தேச்சிருக்கேன்” என்றாள்.

தோலில் எது வந்தாலும் எங்கள் ஊரில் முதல் மருந்து சங்கரன்கோவில் புற்றுமண்தான். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிற என் வீட்டிலேயே ஒரு பொட்டலம் உண்டு.

“டாக்டர்ட்ட காட்டினியா?”

“காய்ச்சல்னு சொன்னேன். ஆம்பளை டாக்டர்ட்ட இடுப்பையா காட்டச் சொல்லுதிய?”

அதுவும் சரிதான் என்றேன். மண்ணை விடாமல் தேய்க்கச் சொன்னேன்.

உண்ணி கடித்த இடம் கருகி நிற்கும் அந்தக் கருப்புப் பக்குதான் உண்ணிக் காய்ச்சலின் முகவரி. அதைப் பார்த்துவிட்டால் எந்த டாக்டருக்கும் சந்தேகம் இருக்காது. ஐந்து நாள் மாத்திரையில் ஆள் எழுந்து நடந்துவிடும். மண் பூசி, மேலே சேலையும் கட்டியிருந்தால் யாருக்குத் தெரியும்? டாக்டர் டைபாய்டுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அவர்மேல் குற்றம் இல்லை.

என் மாணவி ஜெனிபாவை அனுப்பி, பக்கிலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்துவரச் சொன்னேன். நாலாம் நாள், ஏழாம் நாள், பத்தாம் நாள் என்று ரத்தமும் எடுக்கச் சொன்னேன். கெட்டிக்காரப் பெண். போய்விட்டு வந்த அன்றே கேட்டுவிட்டாள்.

“சார், இது உண்ணிக் காய்ச்சல் பக்கு மாதிரில்லா இருக்கு. டாக்டர்ட்ட சொல்லணுமே?”

“சொல்லியாச்சும்மா” என்றேன். இந்த விஷயத்தில் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

மாத்திரை உள்ளே போனால் இரண்டு நாளில் ரத்தத்திலிருந்து கிருமி மறைந்துவிடும். பிறகு பத்தாம் நாள் ரத்தத்தில் என்ன இருக்கும்? அதனால்தான் காத்திருந்தேன். எட்டாம் நாள் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் காசி என் கையைப் பிடித்துக்கொண்டார். “சார், நீங்க படிச்சவிய. ஒங்களுக்கு எதுவும் தெரிஞ்சா டாக்டர்ட்ட சொல்லுங்க சார்.” பார்ப்போம் காசி என்றேன். வருத்தமாகத்தான் இருந்தது. அப்போதும் என் சட்டைப் பையில் அந்த மாத்திரையில் ஓர் அட்டை இருந்தது. முன்னெச்சரிக்கையாக நான் செப்டம்பரிலிருந்தே வாரம் ஒன்று போட்டுவந்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் அவள் இறந்துபோனாள்.

அக்டோபரில் வந்த காய்ச்சலுக்குச் செப்டம்பரிலேயே ஏன் மாத்திரை என்று கேட்கிறீர்கள். நல்ல கேள்வி மேடம். ஜெனிபாவும் இதைத்தான் கேட்டாள். டாக்டரிடம் போய் விசாரித்துவிட்டு வந்து, என் நோட்டைத் திறந்து பார்த்து, உங்களிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். எதைச் செய்தாலும் தேதி போட்டு எழுத வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

செப்டம்பர் முதல் வாரத்தோடு பைகளைக் கொதிக்க வைப்பதை நிறுத்திவிட்டேன். உண்ணி அதிகம் இருந்த பறவைகளின் பைகளைத் தனியாக எடுத்து, உண்ணிக் குஞ்சுகள் சாகாமல் இருக்க ஈரத்துணி சுற்றி வைத்தேன். காலையில் சுத்தமான பைகள் என்று மடித்து அவள் கையில் கொடுத்தேன். அவள் வழக்கம்போல இடுப்பில் சொருகிக்கொண்டாள். ஆறு வாரம் அப்படிக் கொடுத்தேன். எந்தப் பறவையின் பை, எந்தத் தேதி என்பதெல்லாம் நோட்டில் இருக்கிறது.

பறவையின் உண்ணியில் இருந்த கிருமியும் அவள் பக்கில் இருந்த கிருமியும் ஒன்றேதான். இந்த முறை கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். என் பெயருக்கு அடுத்து அவள் பெயரைப் போட்டிருக்கிறேன். வலை கட்டுகிறவர்களுக்கு யார் அந்த மரியாதையைக் கொடுக்கிறார்கள்? காசிக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அவள் பெயர் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டினேன். வாங்கி அவள் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மேலே கொலை என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதுங்கள், உங்கள் வேலை அது. ஆனால் என்னைத் தெரிந்தவர்கள் யாரும் அந்த வார்த்தையை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இத்தனை வருஷத்தில் பதினோராயிரம் பறவைகள் என் வலையில் விழுந்திருக்கின்றன. அதில் ஒன்றைக்கூட நான் சாக விட்டதில்லை.