சத்தத்துக்கு நான் கொடுத்த மதிப்பெண்

பெயரையும் முகவரியையும் காவல் நிலைய அதிகாரி மேலே குறித்துக்கொண்டார். வயது எழுபத்துநான்கு. ஓய்வுக்கு முன் ஓர் அரசு அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில், வந்த ஒப்பந்தப்புள்ளிகளை ஒப்பிட்டு எது சிறந்தது என்று எழுதிக் கொடுக்கும் வேலை பார்த்தேன். யாராவது கேள்வி கேட்டால் எனக்கு எல்லாம் முன்பின்னாகிவிடும் என்பதால், சொல்ல வேண்டியதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்ள அனுமதி கேட்டேன். கொடுத்தார்கள்.

1. அக்காவுக்கு வீடு தேர்ந்தெடுத்த முறை.
2. என் வீட்டில் அவர் இருந்த விதம்.
3. இன்று காலை அவர் காணாமல் போனது.
4. அவரைக் கண்ட இடம்.
5. சலவைக்கடை நடத்தும் பெண், சுயபுத்தியில் இல்லாத என் அக்காவை ஏமாற்றி அழைத்துப் போனது.

முதல் விஷயம். என் அக்கா நூற்பாலையில் வேலை செய்தவர், கணவர் இல்லை, ஆலைக்குப் பின்புறமிருந்த வீட்டிலேயே வாழ்நாளெல்லாம் குடியிருந்தார். சென்ற ஆண்டு அவருக்கு ஒரு பக்கம் கைகால் தளர்ந்து பேச்சும் குழறியது. அதன் பிறகு அவரைத் தனியாக விட முடியாது என்று ஆகி, மூன்று இடங்கள் பேச்சில் வந்தன: என் வீடு, அவர் மகள் வீடு, ஆலையில் அவருடன் வேலை செய்த தோழி நடத்தும் சலவைக்கடையின் பின்னறை. மூன்றாவதைச் சொன்னது அக்காதான். மரியாதைக்காக அதையும் சேர்த்துக்கொண்டேன்.

மருத்துவமனை பக்கத்தில் இருப்பதற்கு முப்பது, அமைதிக்கு இருபத்தைந்து, பாதுகாப்புக்கு இருபது, பேச்சுத்துணைக்குப் பதினைந்து, படி ஏறாமல் இருப்பதற்குப் பத்து என்று நூறைப் பிரித்து, ஒவ்வோர் இடத்துக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுப் பெருக்கிக் கூட்டினேன். அக்கா மகள் எட்டிப் பார்த்து, "மாமா, பம்பு செட்டு வாங்கப் போறீங்களா, இல்ல அம்மாவுக்கு எடம் பாக்குறீங்களா?" என்றாள். பம்பு செட்டுக்கும் இதே முறைதான் என்றேன். அவள் ஏன் அவ்வளவு சிரித்தாள் என்று எனக்குப் புரியவில்லை. அமைதியில் என் வீட்டுக்குப் பத்து, சலவைக்கடைக்குப் பூஜ்யம். மொத்தத்தில் என் வீடு முதலில் வந்தது. விடை எனக்குப் பிடித்தமானதாக இருந்ததால் சந்தேகப்பட்டு மறுபடியும் கூட்டினேன். மாறவில்லை.

இரண்டாவது. அக்கா வருவதற்கு முன்பே சுவர்க்கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் துணிகளுக்கு நடுவே வைத்துவிட்டேன். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் போட்டேன். அதன் பிறகும் அவர் சரியாகத் தூங்கவில்லை. குளியலறைக் குழாயை லேசாகத் திறந்து, வாளியில் சொட்டவிட்டுப் படுப்பார். மறதி என்று நினைத்து நான் எழுந்து போய் மூடுவேன். ஒரு நாள் என் கையைப் பிடித்து, "நின்னுபோச்சுடா" என்றார்.

"என்னக்கா நின்னுபோச்சு?"

"எல்லாம்."

நோய் அப்படிப் பேசவைக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். நேற்று குழாய்க்குப் புது வாஷர் போட்டேன். அது சொட்டுவது நின்றது.

மூன்றாவது. இன்று காலை பால் வாங்கிக்கொண்டு திரும்பியபோது அக்காவின் கட்டில் காலியாக இருந்தது. போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது. கீழ்வீட்டுக்காரர், "டாக்ஸில ஏறிப் போனாங்களே சார், அந்த சலவைக்கடை அம்மா கைத்தாங்கலா கூட்டிட்டுப் போனாங்க" என்றார். உடனே காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் புகார் சொன்னேன். அதன் பிறகு நானே சலவைக்கடைக்குப் போனேன்.

நான்காவது. உள்ளே ஆவி பரவியிருந்ததால் சுவர்கள் எங்கே முடிகின்றன என்று தெரியவில்லை. வெள்ளை விரிப்புகள் மேலிருந்து தொங்கின. ஒன்றை விலக்கினால் இன்னொன்று வந்தது. வெளிச்சம் அவற்றுக்குள்ளிருந்தே வருவதுபோல இருந்தது. பெரிய சலவை இயந்திரம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது, அந்த அதிர்வு செருப்பைத் தாண்டிக் காலில் ஏறியது. அதன் பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, இளஞ்சூடான துணிக்குவியலில் கன்னம் வைத்து அக்கா தூங்கிக்கொண்டிருந்தார். தளர்ந்த கையின் விரல்கள், ஆலையில் அறுந்த நூலிழையை ஒட்டுவதுபோல மெதுவாக அசைந்தன. வீட்டில் அந்த விரல்கள் அசைந்து நான் பார்த்ததில்லை.

கடைக்கார அம்மா, "வா, மார்க்கு போடுற தம்பி, சத்தம் போடாதே" என்றார், அத்தனை சத்தத்துக்கு நடுவே. "காலைல அவளே போன் பண்ணினா. வாய் வரல. மெஷினு, மெஷினுன்னு ரெண்டு தடவ சொன்னா. எனக்கு அது போதாதா?"

அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தேன். அக்கா வீட்டில் தங்கிப் படித்த காலத்தில், சுவருக்கு அப்பால் ஆலை ஓடிக்கொண்டிருக்க நானும் தூங்கியது நினைவுக்கு வந்தது. அதன் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. காவலர் தோளைத் தட்டி, "பெரியவரே, இதுல காணாமப் போனது யாரு?" என்று கேட்டபோதுதான் விழித்தேன். நான் வாய் திறப்பதற்குள் கடைக்கார அம்மாவை வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

தொலைபேசியில் சொன்ன புகாரையே ஐந்தாவதாக எழுதச் சொல்லியிருந்தேன்; இப்போது அதை அடித்துவிடும்படி கேட்டேன். எழுதியதை அடிக்கக் கூடாது, தவறென்றால் கீழே சொல்லுங்கள் என்றார் அதிகாரி. சொல்கிறேன். ஒப்பிடுவதில் முதல் வேலை, எது கூடினால் நல்லது, எது குறைந்தால் நல்லது என்று பிரிப்பது. நாற்பது ஆண்டு இரைச்சலில் உழைத்தவர் அமைதிக்கு ஏங்குவார் என்று நானாக எண்ணி, சத்தத்தைக் குறைந்தால் நல்லது என்ற பக்கத்தில் வைத்தேன். அவரைக் கேட்கவில்லை. அதை மட்டும் திருப்பிப் போட்டு இங்கே உட்கார்ந்தபடியே கூட்டிப் பார்த்தேன். பின்னறை வெகுதூரம் முந்திவிடுகிறது. அக்கா எனக்கு முன்பே கூட்டி முடித்திருக்கிறார். ஆகவே அவர் சுயபுத்தியோடுதான் போனார். யாரும் அவரை ஏமாற்றவில்லை. அவர் அங்கேயே இருக்கட்டும்.

படித்துக் காட்டக் கேட்டேன். ஐந்தாவது தவறு, மற்றவை நடந்தபடியே உள்ளன, என் அறிவுக்கு எட்டியவரை உண்மை. இப்போது கடையில் அக்காவோடு அவர் மகள் இருக்கிறாள், அவளுக்கு அந்த இயந்திரத்தை ஓட்டத் தெரியாது. போட்ட துணி துவைத்து முடிந்ததும் அது தானாக நின்றுவிடும். ஓட்டத் தெரிந்தவர் இந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். முதலில் அவரை அனுப்பிவிடுங்கள், பிறகு எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

(கையொப்பம்)