உனி பசியில் சாகாது

சாப்பாட்டு விஷயத்தில் நான் கணக்கான ஆள். எங்கள் குடாவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கூண்டுக்குள் போடும் கடல்பாசியைக்கூட மண் போக அலசித்தான் போடுவேன். நீங்கள் கொடுத்த இந்தச் சோற்று உருண்டை நன்றாக இருக்கிறது. உள்ளே வைத்த ஊறுகாயில்தான் சற்று உப்பு தூக்கல்.

உனி என்று நாங்கள் சொல்லும் கடல் முள்ளெலியைத் தட்டில் மஞ்சள் சதையாகப் பார்த்திருப்பீர்கள். அது வரும் வழி வேறு. பாசி அழிந்து மொட்டையாகிப்போன பாறைகளில் இந்த முள் பந்துகள் கொட்டிக் கிடக்கின்றன. உடைத்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. உயிர் மட்டும் இருக்கும். அவற்றை அள்ளி வந்து கூண்டில் விட்டு, தீனி போட்டு நிரப்புவதுதான் எங்கள் தொழில்.

ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஹமசாக்கி அம்மா, கூட்டுறவுச் சங்கத்தில் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்.

"இது பசியில சாகாதுங்க. உடம்பைச் சுருக்கிக்கிட்டு வருஷக்கணக்கா காத்துக் கிடக்கும். ரெண்டு மாசம் நல்லா தீனி போடுங்க, திரும்ப நிரம்பிடும். பாசியில இருக்கிற சின்னக் கொழுப்பு அமிலத்தை வச்சே, மீன்ல இருக்கிற மாதிரி பெருசா அதுவே கட்டிக்கும்."

அந்தப் பேச்சு என் மனதில் அப்படியே தங்கிவிட்டது.

என் அண்ணன் ஷிகெஹிரோ அன்று முன்வரிசையில் இருந்தார். மூழ்கி உனி எடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அதைவிடப் பெரிது அவருடைய நாக்கு. ஒரு துண்டை வாயில் போட்டால், அது எதைத் தின்று வளர்ந்தது என்று சொல்லிவிடுவார். எங்கள் பக்கத்தில் பருவத்தின் முதல் உனியை உடைத்ததும் அவருக்குத்தான் கொடுப்பார்கள். அவர் தலையாட்டிய பிறகுதான் தட்டில் அடுக்குவார்கள். போன வருடம் நான், சீக்கிரம் பெருக்கட்டும் என்று மீன் கழிவைப் போட்டு வளர்த்தேன். பெருக்கத்தான் செய்தது. அண்ணன் அதைச் சங்கத்து வாசலில் எல்லோர் முன்னாலும் துப்பினார்.

"டேய் தோகுஜி, இது மீன் குடல் தின்ன உனிடா. கசக்குது. பூனைக்குப் போடு, அதுவும் மோந்து பாத்துட்டுப் போயிடும்."

சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. நான் கோபப்படவில்லை. அவர் சொன்னது சரிதான்.

அந்தக் குளிர்காலத்தில் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அவருக்கும் கல்யாணம் ஆகவில்லை, எனக்கும் ஆகவில்லை. நான்தான் என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். சோற்றைக் கூழாகக் குழைத்து, புரையேறாமல், கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒரு வேளைச் சாப்பாடு இறங்க அரைப் பொழுது போய்விடும். இறங்கும்போதும் வாய் சும்மா இருக்காது. "உனிக்குப் போட்ட மிச்சத்தையாடா எனக்குப் போடுற?" என்பார், கோணிய வாயால். நான் பொறுத்துக்கொண்டேன்.

கோடையில் கடைசித் தீனிக் காலம் வந்தது. முன்னோர் வீடு வரும் ஓபோன் நாட்களுக்கு முன் அறுவடையை முடித்தாக வேண்டும். இந்த முறை பாசியைத் தவிர வேறெதையும் கூண்டில் காட்டுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். பாசி வெட்ட, அலச, போட, எனக்கு இருப்பது இரண்டு கை. உட்கார்ந்து யோசித்தேன். நிரப்ப வேண்டிய நேரத்தில் உனியை நிரப்பாவிட்டால் வருடமே போச்சு. அண்ணன் காத்திருக்கலாம். ஓபோன் முடிந்ததும் விலாங்கு மீன், முட்டை என்று கொடுத்து இரண்டு மாதத்தில் தேற்றிவிடலாம். முதலில் மதியத்தை நிறுத்தினேன். பிறகு காலையை. பிறகு வெறும் கஞ்சித் தண்ணீர். மீன் எண்ணெய் மட்டும் தினம் ஒரு கரண்டி தவறாமல் கொடுத்தேன், கொழுப்பு அமிலம் குறையக் கூடாதே. மிச்சத்தை உடம்பு தானே கட்டிக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன்.

"பசிக்குதுடா தோகுஜி."

"உனி முடியட்டும் அண்ணே. அப்புறம் உங்களைத்தான் கவனிக்கப் போறேன்."

பக்கத்து வீட்டு யாசுயோ அக்கா ஒருநாள் கானாங்கெளுத்தி சுட்டுக் கொண்டு வந்தார். "என்னப்பா, உங்க அண்ணன் சத்தத்தையே காணோம்? ஊரையே ஏசிக்கிட்டுக் கிடந்த மனுஷன்."

"தூங்குறாருக்கா" என்றேன்.

உள்ளே அவர் விழித்துத்தான் இருந்தார். மீன் மணம் அவர் வரைக்கும் போயிருக்கும். மீன் வீணாகக் கூடாதென்று வாசலில் நின்றபடியே நான் தின்று முடித்தேன். அக்கா சொன்னது உண்மை, ஏச்சு நின்றுபோயிருந்தது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. அதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

அறுவடையன்று முதல் உனியை உடைத்தேன். உள்ளே வெடித்துவிடும்போல நிறைந்திருந்தது, நல்ல நிறம். ஊர் வழக்கத்தை நான் மீறவில்லை. கரண்டியில் எடுத்துக்கொண்டு அண்ணனிடம் போனேன். அவர் இடது கை என் மணிக்கட்டைப் பிடித்தது. அந்தக் கையில் கனமே இல்லை. வாயில் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டு, வெகு நேரம் நாக்கிலேயே வைத்திருந்தார்.

"நல்லாருக்குடா" என்றார். "இவ்வளவு நல்ல உனி நான் தின்னதே இல்ல. இன்னும் ஒண்ணு குடுடா."

மீதியெல்லாம் தட்டில் அடுக்க வேண்டியது என்று எடுத்துச் சொன்னேன். சந்தோஷத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

மறுநாள் விலாங்கு வாங்கி வந்து, அரிசியை ஊறப் போட்டுவிட்டு, அவரை எழுப்பப் போனேன். உடம்பு குளிர்ந்திருந்தது.

ஹமசாக்கி அம்மா உனியைப் பற்றித்தான் பேசினார், மனிதனைப் பற்றி இல்லை என்கிறீர்கள். அது எனக்கு அப்போதும் தெரியும். ஆமாம், என் அண்ணனைப் பட்டினி போட்டுக் கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

வாக்குமூலத்தில் ஒன்றை மட்டும் அடித்துவிடுங்கள். பசியில் கிடந்தவன் எதைக் கொடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வான் என்று உங்கள் ஆள் எழுதியிருக்கிறார். அது தப்பு. உனி விஷயத்தில் என் அண்ணன் ஒருநாளும் பொய் சொன்னதில்லை.