ஒன்பதாம் பாகை முதல் பதினான்காம் பாகை வரை

நேற்று நீங்கள் கொடுத்தனுப்பிய தாளில் கோடு இல்லை. கோடில்லாத தாளில் எழுதினால் இந்த வயதில் என் வரிகள் வலப்பக்கம் மேலேறிவிடுகின்றன. ஆகவே என்னிடமிருந்த கோடிட்ட தாளிலேயே எழுதுகிறேன். “அம்மா, நீங்க சொல்லச் சொல்ல நானே எழுதிக்கிறேன்” என்று பரிவோடு சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் சிவப்பிரகாசம். நன்றி. ஆனால் உங்கள் முதல் விசாரணை அறிக்கையில் மங்கையர்க்கரசி என்னும் என் பெயரே இரண்டு இடங்களில் இரண்டு விதமாக இருக்கிறது. எனவே நானே எழுதுவதுதான் முறை.

எனக்கு எழுபத்து மூன்று வயது. முப்பத்தோராண்டுகள் போர்ட் பிளேரில் மின்பொறிகள் பாடம் நடத்தினேன். கணவர் இறந்தபின் புரோத்ராபூரில் என் மகள் ரூபாவோடும் அவள் கணவன் விஜயனோடும் வசித்துவருகிறேன். விஜயன் என் மாணவன். திருமணத்துக்குப் பிறகும் அவன் என்னை ‘மேடம்’ என்றே அழைக்கிறான், நானும் திருத்தவில்லை. சென்ற ஆண்டு பிப்ரவரி பதினெட்டாம் நாள் பாம்பூஃப்ளாட் ஸ்லிப்வேயில் இறந்தவர் அவனுடைய தகப்பனார் பொன்னுத்துரை. அந்த மரணத்துக்கு விஜயனின் மோட்டாரே காரணம் என்று உங்கள் அறிக்கை முடிகிறது. அந்த முடிவு பிழையானது. எங்கே பிழை என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஸ்லிப்வே என்பது கடலுக்குள் இறங்கும் சிமெண்டுச் சரிவு. பழுதுபார்க்க வேண்டிய டுங்கிப் படகுகளைச் சக்கரவண்டியில் ஏற்றி, வின்சு என்னும் உருளையில் இரும்புக் கயிற்றைச் சுற்றி மேலே இழுப்பார்கள். கையால் சுற்றிவந்த அந்த வின்சுக்கு விஜயன் ஒரு மோட்டார் செய்தான். அதன் ரோட்டாரில் காந்தமும் இல்லை, கம்பிச் சுருளும் இல்லை. ஆறு பற்கள் வைத்த வெறும் இரும்பு. சுற்றிலும் உள்ள நான்கு சுருள்கள் முறைவைத்து மின்னோட்டம் பெற்று அந்தப் பற்களைத் தம்பக்கம் இழுக்கும். எந்தச் சுருள் எப்போது இழுக்க வேண்டும் என்பது பல் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. இடம் தவறினால் அதே இழுப்பு எதிர்த்திசைக்கு ஆகிவிடும்.

அந்த இடத்தைச் சொல்வதற்கு வழக்கமாக ஒரு சென்சார் வைப்பார்கள். ஸ்லிப்வேயின் உப்புக்காற்றில் எந்தச் சென்சாரும் மூன்று மாதம் தாங்கவில்லை. விஜயன் அதை எடுத்துவிட்டான். நிற்கும் மோட்டாரின் சுருள்களுக்கு மிகச் சிறிய மின்துடிப்புகளை அனுப்பினான். இரும்புப் பல் நெருங்கி நிற்கும் சுருளில் மின்னோட்டம் தயங்கி ஏறும். விலகி நிற்கும் சுருளில் விரைந்து ஏறும். அந்த நான்கு அளவுகளையும் முன்பே தயாரித்த அட்டவணையோடு ஒப்பிட்டு, ரோட்டார் இன்ன டிகிரியில், அதாவது இன்ன பாகையில், நிற்கிறது என்று கன்ட்ரோலர் முடிவுசெய்யும். முடிவுசெய்த பிறகே பிரேக் தளரும்.

“பார்க்காமல் தெரிந்துகொள்வதற்கு ஊகம் என்று பெயர்” என்றேன்.

“ஊகம் இல்ல மேடம், எஸ்டிமேஷன்.”

“என்ன வேறுபாடு?”

“எஸ்டிமேஷனுக்கு டேபிள் இருக்கு மேடம். டேபிள் சரின்னா எல்லாம் சரி.”

அந்த விடைக்கு நான் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் தொழிற்சாலை அவனை அழைத்திருந்தது. பிப்ரவரியில் ஸ்லிப்வேயில் ஒரு தேர்வுக் குழுவின் முன் நடக்கவிருந்த சோதனை வெற்றிபெற்றால் அந்தச் சான்றோடு அவன் அங்கே போவான். இதை அவன் என்னிடம் சொன்னான். ரூபாவும் உடன் போவாள் என்பதை யாரும் சொல்லவில்லை, நானே அறிந்துகொண்டேன். கட்டிலுக்கடியில் ஒரு புதிய பெட்டி வந்திருந்தது. அவள் தன் தையல் இயந்திரத்தைப் பக்கத்து வீட்டு மீனாவுக்குக் கொடுத்துவிட்டாள். தொலைபேசியில் பேசும்போது நான் அறைக்குள் வந்தால் குரல் தாழ்ந்தது. ஒருநாள் என் ஆதார் அட்டையின் நகலைக் கேட்டாள். வீட்டை அவள் பெயருக்கு மாற்றி விற்கப்போகிறார்கள் என்று புரிந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. பெற்ற மகளிடம் ‘என்னை விட்டுவிட்டுப் போகிறாயா’ என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலைக்கு ஒரு தாய் இறங்கக் கூடாது.

சோதனைக்கு ஒரு வாரம் முன்பு விஜயன் ரோட்டாரை மாற்றினான். அட்டவணையைப் புதிதாக அளக்க வேண்டியிருந்தது. எங்கள் பின்னறையில் மூன்று பிற்பகல்கள் அளந்தோம். ரோட்டாரை ஒவ்வொரு பாகையிலும் பூட்டி, ஒவ்வொரு சுருளாக அவன் அளவு வாசிப்பான், நான் எழுதுவேன். அறுபது பாகைகள், நான்கு பத்திகள், இருநூற்று நாற்பது எண்கள். ரூபா அருகில் அமர்ந்து பாகைத்தகட்டின்மேல் விளக்குப் பிடித்தாள். ஓர் எண்ணைக்கூட நான் அடித்து எழுதவில்லை. நான்காம் நாள் அதைப் படியெடுத்துக் கொடுத்தேன். அவன் கணினியில் ஏற்றத் தொடங்கியபோது, “மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்” என்றேன். ரூபா சிரித்தாள்.

“அம்மா எழுதினத செக் பண்ணினா அம்மாவுக்குத்தான் கோபம் வரும். விடுங்க.”

அவன் ஒப்பிடவில்லை. என் கையெழுத்தை இந்தத் தீவில் யாரும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை.

படியெடுத்தபோது ஒன்பதாம் பாகை முதல் பதினான்காம் பாகை வரை, ஆறு வரிகளில், இரண்டாம் பத்தியின் எண்களை நான்காம் பத்தியிலும் நான்காம் பத்தியின் எண்களை இரண்டாம் பத்தியிலும் எழுதியிருந்தேன். கைதவறி அல்ல. அவை பல்லின் இரு பக்கங்களிலும் உள்ள சுருள்கள். அவற்றை மாற்றிவிட்டால், வலப்பக்கம் விலகி நிற்கும் பல்லை இடப்பக்கம் நிற்பதாகக் கன்ட்ரோலர் கொள்ளும். மேல்நோக்கி இழுக்க வேண்டிய மோட்டார் கீழ்நோக்கி இழுக்கும். அறுபதில் ஆறு, பத்துமுறை தொடங்கினால் ஒருமுறை. சோதனையில் பன்னிரண்டு இழுப்புகள் இருந்தன. பெரும்பாலும் ஒருமுறையாவது வண்டி ஒரு சாண் சரியும், விஜயன் கைப்பிரேக்கை இழுப்பான், குழுவினர் ‘நம்பத்தக்கதன்று’ என்று குறித்துக்கொள்வார்கள் என்று கணக்கிட்டேன். கணக்கு சரியானது. படகு வெறும் படகாக இருந்தவரை சரியானது.

சோதனையன்று சாத்தம் படகுத்துறையிலிருந்து காலைப் படகில் கடந்து ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். சரிவின் உச்சியில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். குழுவினர் டுங்கியில் மணல்மூட்டைகள் ஏற்றச் சொன்னார்கள். எத்தனை மூட்டைகள் என்று எண்ணினேன்; இருபத்திரண்டு. சரியப்போவது ஒரு சாண் அல்ல என்று அப்போதே எனக்குத் தெரிந்தது.

பொன்னுத்துரை கச்சால் தீவில் ரப்பர் வெட்டியவர். சுனாமிக்குப் பிறகு பாம்பூஃப்ளாட்டுக்கு வந்து அந்த ஸ்லிப்வேயிலேயே வேலை பார்த்தார். கைவின்சுக் காலத்தில் வண்டி ஏறும்போது ஓர் ஆள் அதன் பின்னாலேயே நடந்து, முழத்துக்கு ஒருமுறை சக்கரத்துக்கடியில் மரக்கட்டையைத் தள்ளிவைப்பது வழக்கம். வண்டி வழுக்கினால் கட்டை தடுக்கும். மோட்டார் வந்தபின் அது தேவையில்லை என்று விஜயன் சொல்லியிருந்தான். அன்று அவர் கட்டையும் கையுமாக என் நாற்காலியருகே வந்து நின்றார்.

“சம்மந்தியம்மா, இந்த மிசினுக்குக் கண்ணு இல்லன்னு ஒங்க மருமவன் சொல்றான். கண்ணு இல்லாத புள்ளயத் தனியா மேடேற விடலாமுங்களா? நா பின்னாடியே நடக்குறேன்.”

“அப்பா, வேணாம்ப்பா, மேல வாங்க” என்று விஜயன் கத்தினான்.

“அரே, டென்ஷன் மத் லோ, பயப்படாத! நீ நடக்கப் பழகினப்பவும் நான்தான்டா பின்னாடி வந்தேன். நீ எத்தன தடவ குப்புற விழுந்தேன்னு ஒங்க ஆத்தா ஒச்சம்மாவக் கேளு.”

எல்லாரும் சிரித்தார்கள். ரூபாவும் சிரித்தாள். “மாமா, ஃபோட்டோவுக்காவது மேல பாருங்க” என்றாள். அவர் கட்டையை உயர்த்திக் காட்டிவிட்டு இறங்கிப் போனார்.

என் நாற்காலிக்கும் அவருக்கும் இடையே முப்பது அடி இருக்கும். கடைசி வரிசை மாணவனுக்கும் கேட்கும்படி முப்பத்தோராண்டுகள் பேசிய குரல் என்னுடையது. ‘மேலே வாருங்கள்’ என்று நான் சொல்லியிருந்தால் அவர் வந்திருப்பார். மகன் சொல்வதைத் தட்டினாலும் நான் சொல்வதை அவர் தட்டியதில்லை. ஆனால் ஏன் என்று யாராவது கேட்டிருப்பார்கள்.

முதல் இழுப்பு நன்றாக ஏறியது. இரண்டாவதும் ஏறியது. ஒவ்வோர் இழுப்புக்குப் பிறகும் வண்டியைக் கீழே இறக்கி, மோட்டாரை நிறுத்தி, மறுபடி தொடங்கினார்கள். ஒவ்வொரு முறையும் பத்தில் ஒன்பது பங்கு அவருக்குச் சாதகமாகவே இருந்தது. மூன்றாவது இழுப்புக்குப் பின் அவர் சட்டையைக் கழற்றிக் கம்பத்தில் மாட்டினார். ஐந்தாவதுக்குப் பின் தேநீர் கொண்டுவந்தார்கள். அவர் தம் கோப்பையை எனக்குக் கொடுத்தார், எனக்கு வரவேண்டியதை யாரோ குடித்துவிட்டதால். “சீனி கம்மிதாங்க, குடிங்க” என்றார். குடித்தேன். ஆறாவது இழுப்பும் ஏறியது. ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. ஒருவேளை இன்று எதுவும் நேராது, இவர்கள் சான்றிதழோடு போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்பில் எனக்கு ஆறுதல் இல்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

ஏழாவது முறை பிரேக் தளர்ந்த ஒலி கேட்டது. வண்டி கீழே போயிற்று. அவர் ஓடவில்லை, குனிந்து கட்டையைச் சரியாகச் சக்கரத்துக்கடியில் வைத்தார். சரிவு ஈரமாக இருந்தது. விஜயன் கைப்பிரேக்கை இழுத்து வண்டியை நிறுத்தியபோது அது பன்னிரண்டு அடி நகர்ந்திருந்தது. மற்றவை உங்கள் அறிக்கையில் உள்ளன. அந்தப் பத்தியில் பிழையில்லை.

பதினாறாம் நாள் சடங்குகள் முடிந்தபின் விஜயன் பின்னறைக்கு வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

“டேபிள்ல ஏதாவது தப்பு இருக்குமா மேடம்?”

“நான் எழுதியது” என்றேன்.

அவன் நெடுநேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தான். “ஆமா. மேடம் எழுதினது தப்பா இருக்காது. அப்ப என் மெதட்தான் தப்பு. என் மெதட்தான் அப்பாவக் கொன்னுச்சு.”

நான் அவனுக்குக் கஞ்சி கொடுத்தேன். உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டேன்.

அந்த வாரத்திலேயே ரூபா சமையலறையில் தொலைபேசியைப் பார்த்தபடி சொன்னாள்: “கப்பல் டிக்கெட் மூணையும் கேன்சல் பண்ணிட்டேன்மா.”

“மூன்றா?”

“ஒங்களுதும் சேத்துத்தான். முன்னாடியே சொன்னா, வரமாட்டேன்னு காரணத்தோட பதில் சொல்வீங்க. டிரையல் முடிஞ்ச சந்தோஷத்துல சொல்லலாம்னு வச்சிருந்தேன். அதுக்குத்தான ஆதார் வாங்கினேன்.” அவள் அழுதாள். அவள் தோளைத் தொட்டேன். என் பெயரை டிக்கெட்டில் பிழையின்றி எழுதியிருந்தாள். காட்டச் சொல்லிப் பார்த்தேன். எப்படியும் நான் போயிருக்க மாட்டேன். கோயம்புத்தூரில் எனக்கு யாரையும் தெரியாது.

அதற்குப் பிறகு பதினான்கு மாதங்கள் அவர்கள் எங்கும் போகவில்லை. விஜயன் வேலையை விட்டு, அக்கம்பக்கத்து வீடுகளின் மின்விசிறிகளைப் பழுதுபார்த்தான். மோட்டார் என்ற சொல்லையே அவன் வாயில் நான் கேட்கவில்லை. சில நாள்களில் நடுப்பகலில் பின்னறைக் கதவை உட்புறம் தாழிட்டுக்கொள்வான். ரூபா வெளியே நின்று பேர்சொல்லிக் கூப்பிடுவாள். மற்றபடி வீடு ஒழுங்காக இருந்தது. மூவரும் ஏழரைக்குச் சாப்பிட்டோம். மாலையில் ரூபா என் நரம்பு புடைத்த கால்களுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். அவளுடைய கைகள் மெலிந்துவிட்டன என்பதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை.

இப்போது ஏன் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். விஜயன் செய்த முறை சரியானது. ஒரு சரியான முறை தவறானது என்று கோப்பில் இருக்கக் கூடாது. இரண்டு மாதங்களாக அவன் மெல்ல மெல்லப் பேசத் தொடங்கியிருக்கிறான். அதே தொழிற்சாலையிலிருந்து மறுபடி கடிதம் வந்திருக்கிறது. தன்மேல் இல்லாத கொலையைச் சுமந்துகொண்டு அவன் புதிய வேலையில் சேரக் கூடாது. இந்த வாக்குமூலத்தோடு என் மூலக் குறிப்பேட்டின் பதினோராம் பக்கத்தை இணைத்திருக்கிறேன். அந்த ஆறு வரிகளின் உண்மையான எண்கள் அதில் உள்ளன. சரியாக எழுதப்பட்ட ஒன்றை நான் ஒருபோதும் கிழித்ததில்லை. பொன்னுத்துரையின் மரணத்துக்குக் காரணம் நான். அறிந்தே செய்தேன், அவர் பின்னால் நிற்பதை ஏழு முறை பார்த்தேன், ஏழு முறையும் பேசாதிருந்தேன். என் மனம் தெளிவாக இருக்கிறது. எவரும் என்னை வற்புறுத்தவில்லை.

ஒரே ஒரு விவரம் கேட்க வேண்டும். அளவெடுத்த மூன்று பிற்பகல்களும் ரூபா உடனிருந்தாள். என் கையெழுத்தையும் அவள்தான் உறுதிசெய்ய முடியும். ஆகவே அவள் முதன்மைச் சாட்சி. வழக்கு முடியும்வரை சாட்சிகள் தீவை விட்டுப் போக அனுமதி இல்லை என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது சரிதானா என்று எழுத்தில் தெரிவிக்கவும். சென்னைக் கப்பல் பன்னிரண்டாம் தேதி புறப்படுகிறது. கட்டிலுக்கடியில் அந்தப் பெட்டி மறுபடி வந்திருக்கிறது. இந்த முறை எத்தனை டிக்கெட்டுகள் என்று நான் ரூபாவிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை.